முன்சக்கரமும் முனைவர் பட்டமும்

“மெக்கானிக் ஷெட்டில் நடப்பதற்கெல்லாம் முனைவர் பட்டம் கொடுக்க முடியாது.”

என் ஆய்வு முன்மொழிவைப் பரிசீலித்த குழுவில் மூத்த பேராசிரியர் ஒருவர் சொன்ன வாக்கியம் இது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் விவாதம் அந்த நிறுவனத்தைப் பற்றியதாகிவிடும்; இந்த வாக்கியமோ நம் பொறியியல் துறைகள் எதிலும் எந்த நாளும் ஒலிக்கக் கூடியது. அன்று அவையடக்கம் கருதி வாய்மூடி வந்தேன். இன்று எழுதுகிறேன். பதிவு நீளமானது, கணக்கும் உண்டு. கலைத்துறை நண்பர்களும் இறுதிவரை வர வேண்டும். அவர்களோடும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

நான் முன்வைத்த கேள்வி எளியது. டிராக் பந்தயம் என்பது நேர்ப்பாதையில், நின்ற நிலையிலிருந்து கிளம்பி, பொதுவாகக் கால் மைல், அதாவது 402 மீட்டர் தொலைவை யார் குறைந்த நேரத்தில் கடப்பது என்ற போட்டி. ஸ்லிக் என்பது அதற்கென்றே செய்யப்படும் டயர்: மேற்பரப்பில் பட்டன் வெட்டு எதுவும் இல்லாமல் மொழுமொழுவென்று, மென்மையான ரப்பர் கலவையால் ஆனது. சாதாரண முன்சக்கர இயக்கக் கார் ஒன்றில் இந்த டயரை மாட்டிக் கிளப்பும்போது, முதல் இரண்டு நொடிகளில் டயருக்கும் தரைக்கும் இடையே என்ன நிகழ்கிறது என்பதை அளக்க விரும்பினேன்.

குழு மூன்று மறுப்புகளைச் சொன்னது. ஒன்று: முன்சக்கர வண்டி இந்தப் பந்தயத்துக்கு உதவாது என்பது இயற்பியல் முடித்துவைத்த செய்தி, இதில் ஆய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டு: இது மெக்கானிக்கின் வேலை, ஆய்வாளரின் வேலை அன்று. மூன்று: இத்தகைய ஆய்வு தெருப்பந்தயத்தை ஊக்குவிக்கும். மூன்றையும் வரிசையாக எடுத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன், பேராசிரியர் குறிப்பிட்ட அந்த ஷெட். அது விவேக் நகரில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி இருக்கிறது. வியாழக்கிழமைகளில் குழந்தை இயேசு ஆலயத்துக்குத் திரளும் கூட்டத்தால் தெருவில் வண்டி நுழைய முடியாது. அன்று ஷெட்டில் வெளிவேலை கிடையாது, லேத் வேலை மட்டும். நடத்துபவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றே அழைக்கிறோம். தந்தை கோலார் தங்கவயலின் பணிமனையில் கடைசல் வேலை பார்த்தவர். சுரங்கம் 2001இல் மூடப்பட்டபின் குடும்பம் பெங்களூருக்கு வந்தது. அண்ணன் ஐ.டி.ஐ. படித்தவர். பிழைப்புக்குப் பழைய ஸ்விஃப்டும் போலோவும் சர்வீஸ் செய்கிறார். விருப்பத்துக்குப் பந்தய வண்டி ஒன்றைத் தயார் செய்கிறார். அந்த வண்டி ஷெட்டிலிருந்து வெளியே போனால் லாரியின் மேல் ஏறித்தான் போகும். தெருவில் ஓடியதே இல்லை.

இனி முதல் மறுப்பு.

பேராசிரியர் நினைத்த இயற்பியல் பொய் அன்று. வண்டி முன்னோக்கி முடுக்கம் பெறும்போது அதன் பாரத்தில் ஒரு பகுதி முன்சக்கரங்களிலிருந்து பின்சக்கரங்களுக்குப் பெயர்கிறது. பேருந்து கிளம்பும்போது நாம் பின்னால் சாய்வதை நினைத்துக்கொள்ளலாம். பின்சக்கர வண்டிக்கு இது வரம்: தள்ளும் சக்கரத்தின் மேலேயே பாரம் ஏறுகிறது. முன்சக்கர வண்டிக்கு இது சாபம்: இழுக்கும் சக்கரத்தின் மேலிருந்து பாரம் இறங்குகிறது. பெயரும் பாரத்தின் அளவு, வண்டியின் எடையை g அலகில் சொன்ன முடுக்கத்தாலும் ஈர்ப்பு மையத்தின் உயரத்தாலும் பெருக்கி, முன் பின் சக்கரங்களின் இடைத்தூரத்தால் வகுத்தால் கிடைக்கும். கில்லெஸ்பியின் 1992ஆம் ஆண்டு வாகன இயங்கியல் பாடநூலில் இது முதல் அத்தியாயத்திலேயே வருகிறது. தேர்வுக்காக நாம் எல்லோரும் போட்ட கணக்குத்தான்.

போட்ட கணக்கை இன்னும் சற்றுத் தூரம் கொண்டு செல்வோம். எடுத்துக்காட்டுக்கு 900 கிலோ எடையுள்ள ஒரு சிறு கார். எடையில் 62 விழுக்காடு, அதாவது 558 கிலோ, முன்சக்கரங்களின் மேல். சக்கர இடைத்தூரம் 2.4 மீட்டர், ஈர்ப்பு மையத்தின் உயரம் 0.5 மீட்டர். சாதாரண டயரின் உராய்வுக் கெழு 0.9 என்று கொண்டால், இந்த வண்டி பெறக்கூடிய உச்ச முடுக்கம் 0.47 g. ஸ்லிக் மாட்டி, கெழு 1.5 ஆக உயர்ந்தது என்று கொண்டால் 0.71 g. அந்த நிலையில் ஏறத்தாழ 133 கிலோ பாரம் பின்னால் பெயர்ந்து, இழுக்கும் சக்கரங்களின் மேல் 425 கிலோ மட்டுமே மிஞ்சுகிறது.

இப்போது அதே எடையும் அளவும் கொண்டு, பாரம் முன்னும் பின்னும் சரிபாதியாக அமைந்த ஒரு பின்சக்கர வண்டி. சாதாரண டயரில் 0.55 g, ஸ்லிக்கில் 1.09 g. பிடி மூன்றில் இரண்டு பங்கு கூடியபோது பின்சக்கர வண்டியின் முடுக்கம் ஏறக்குறைய இரட்டித்தது. முன்சக்கர வண்டிக்கோ பாதியளவே கூடியது. ஒரே டயர்தான், ஆனால் இருவருக்கும் அது ஒரே அளவு கொடுப்பதில்லை. பிடி கூடக் கூட இடைவெளி அகலும். “முடித்துவைத்த செய்தி” என்று பேராசிரியர் சொன்னது இந்த இடத்தை மனத்தில் வைத்துத்தான்.

ஆனால் கணக்கு இங்கே முடியவில்லை. சூத்திரத்தில் இருப்பவை உயரம், இடைத்தூரம், பாரப் பங்கீடு ஆகிய மூன்றும். இவற்றில் எதுவும் கல்லில் எழுதப்பட்டதன்று. பின் இருக்கை, ஸ்டெப்னி, பின்கதவுத் திரை எல்லாவற்றையும் கழற்றி, கழற்ற முடியாதவற்றை முன்னால் நகர்த்தி முன்பாரத்தை 66 விழுக்காடு ஆக்கினால், மொத்த எடை குறைந்ததைச் சேர்க்காமலே, 0.71 என்பது 0.75 ஆகிறது. பின்னால் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சிறு சக்கரங்களுடன் ஓர் இரும்புத் தண்டைப் பொருத்தி, பின்பாரம் முழுவதும் அதன் மேல் இறங்குவதாக எல்லைநிலைக் கணக்குப் போட்டால், பழைய 62 விழுக்காட்டு வண்டியே 0.90 g பெறுகிறது. வீலி பார் என்ற இந்தத் தண்டு, பின்சக்கர வண்டியில் மூக்குத் தூக்காமல் இருக்கப் பயன்படுகிறது. முன்சக்கர வண்டியில் அதே பொருள் இடைத்தூரத்தை நீட்டும் கருவியாக மாறிவிடுகிறது.

நொடிக் கணக்கில் சொன்னால் வேறுபாடு இன்னும் தெளியும். டிராக் பந்தயத்தில் முதல் 60 அடி, அதாவது 18.3 மீட்டர், தனியாக நேரமெடுக்கப்படும். எஞ்சின் வலு போதுமானதாக இருந்தால், நின்ற இடத்திலிருந்து அந்தத் தொலைவைக் கடக்க 0.47 g வண்டிக்கு 2.8 நொடி, 0.71 g வண்டிக்கு 2.3 நொடி, 0.90 g வண்டிக்கு 2.0 நொடி ஆகும். நூறில் ஒரு நொடியில் வெற்றி தீர்மானமாகும் களத்தில் இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள இடைவெளி. 1990களில் அமெரிக்க இளைஞர்கள் ஹோண்டா சிவிக் போன்ற வண்டிகளைக் கொண்டு இந்த வழியில் நடந்தார்கள். இன்று அங்கே முன்சக்கர வண்டிகள் கால் மைலை எட்டு நொடிக்குள் கடக்கின்றன. “உதவாது” என்ற சொல்லுக்கு அதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

இதில் நம் நாட்டுக்கென்று ஒரு கேள்வியும் இருக்கிறது. அம்பாசடரும் பத்மினியும் பின்சக்கர வண்டிகள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது இந்தியக் குடும்பத்தின் கார் முன்சக்கர வண்டியாக மாறியது. அதன்பின் வந்த சிறு கார்களில் பெரும்பாலானவை அதே வகையைச் சேர்ந்தவை. கல்லூரி வாகன நிறுத்தத்தில் எண்ணிப் பாருங்கள். பிறகு உள்ளே சென்று, மாணவர்கள் ஃபார்முலா வகைப் போட்டிகளுக்குக் கட்டும் வண்டியைப் பாருங்கள்: 75 மீட்டர் முடுக்கச் சோதனைக்காக அவர்கள் உழைக்கும் ஒற்றை இருக்கை வண்டி, பின்சக்கரத்தால் ஓடுவது. அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. நானும் அதில் இரவுகளைக் கழித்தவன். ஆனால் நம்மைச் சுற்றி ஓடும் வண்டியின் பிடியைப் பற்றி நாமாகக் கேள்வி கேட்காமல், வெளிநாட்டு விதிநூல் கேட்கச் சொன்ன கேள்வியை மட்டும் கேட்டுப் பட்டம் வாங்குகிறோம். மழைநாளில் ஈஜிபுரா மேட்டில் நின்று கிளம்ப முடியாமல் முன்சக்கரம் சுழலும் ஒவ்வொரு காரும் என் ஆய்வுத் தலைப்பைத்தான் பேசிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது மறுப்பு: இது மெக்கானிக்கின் வேலை.

அந்த வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் இகழ்வதும் சொல்லாமல் புகழ்வதும் ஒன்றுதான்.

அண்ணன் முதலில் செய்வது நிறுத்தல். லாரிகள் எடை பார்க்கும் வே பிரிட்ஜில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, முழு வண்டியையும் ஏற்றி ஒரு சீட்டு. எதைக் கழற்றினாலும் மறுபடி நிறுத்தல். அடுத்தது டயர். இரண்டு ஸ்லிக்குகளுக்கும் ஒரே அளவு காற்று நிரப்பி, தையற்காரரின் டேப்பைச் சுற்றிச் சுற்றளவு பார்க்கிறார். ஒரே அளவு என்று அச்சிட்ட இரண்டு டயர்கள் ஒரே சுற்றளவில் இருக்கும் என்ற உறுதி இல்லை. டிஃபரன்ஷியல் பூட்டப்பட்ட வண்டியில் சுற்றளவு வேறுபட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இழுக்கும் சக்கரமும் திருப்பும் சக்கரமும் ஒன்றாகவே இருப்பதால் ஓட்டுநரின் கை அதை உடனே உணரும். காற்றழுத்தமும் அப்படித்தான். தெருவில் 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் வைக்கும் இடத்தில் ஸ்லிக்குக்கு அதில் பாதியளவே போதும். மிகக் குறைத்தாலோ டயரின் பக்கச்சுவர் துவண்டு ஸ்டியரிங் தளும்பும். பின்சக்கர வண்டிக்காரர்கள் அனுபவிக்கும் சுதந்திரம் இங்கே இல்லை. பின்னால் வெறுமனே உருளும் டயர்களுக்கு நேர்மாறாக அழுத்தம் கூட்டப்படும், உருளும்போது தடை குறையட்டும் என்று.

பிறகு உடையக்கூடிய பொருள்கள். இதைப் பற்றி அவர் சொன்னதை அவர் சொன்னபடியே தருகிறேன்: “பிடி கம்மியா இருந்தா டயர் சுத்தும், செலவு இல்ல. பிடி ஜாஸ்தியா இருந்தா அந்த அதிர்ச்சி எங்கயாவது போய்த்தானே ஆகணும்? எங்க போகணும்னு நாம முடிவு பண்ணலன்னா அதுவே முடிவு பண்ணிக்கும், தம்பி.” சாதாரண டயர் ஒரு வகையில் ஃபியூஸ்: மிகையான விசை வந்தால் சுழன்று அதைக் கழித்துவிடும். ஸ்லிக் மாட்டியதும் அந்த ஃபியூஸ் போய்விடுகிறது. அடுத்த பலவீனம் கிளட்ச். அதைப் பலப்படுத்தினால் டிரைவ் ஷாஃப்ட்டும் சி.வி. ஜாயின்ட்டும், அவற்றையும் மாற்றினால் கியர்பாக்ஸின் கூடு. எஞ்சின் மவுண்டிங்கின் ரப்பர் தளர்வாக இருந்தால் எஞ்சின் முன்னும் பின்னும் ஆடி, சக்கரம் பிடித்தும் விட்டும் தத்தத் தொடங்கும்; அந்தத் தத்தலில்தான் ஷாஃப்ட் முறிகிறது. அதனால் மவுண்டிங்கைக் கெட்டியாக்கிய பிறகே ஸ்லிக்கைத் தொடுவார். சி.வி. ஜாயின்ட் வளைந்த கோணத்தில் வலுக்குறைந்தது என்பதால், கோட்டில் நிற்கும்போது சக்கரம் நேராக இருக்கிறதா என்பதை வெளியிலிருந்து ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது அவர் விதி.

கிளப்புவதற்கு முன் டயரைச் சூடாக்க வேண்டும். குளிர்ந்த ஸ்லிக் பெயரளவுக்கே ஸ்லிக். முன்சக்கர வண்டிக்கு இயற்கை தந்த ஒரே சலுகை இங்கேதான்: ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தைப் பிடிப்பதால், அதை இழுத்துவிட்டு நீர் தெளித்த இடத்தில் முன்சக்கரத்தைச் சுழற்றினால் போதும். பின்சக்கர வண்டிக்கு முன்பிரேக்கை மட்டும் பூட்டும் தனிக்கருவி வேண்டும். நீரில் தொடங்கிய சுழற்சி உலர்ந்த தரையில் முடிய வேண்டும். சூடேறிய டயரோடு மீண்டும் ஈரத்தில் பின்வாங்கினால் செய்தது வீண்.

கடைசியாகக் கிளட்ச். சாதாரண டயரில் எஞ்சின் வேகத்தைத் தாழ்த்தி வைத்து மெல்ல விடும் பழக்கம் ஸ்லிக்கில் செல்லாது. டயர் சுழல மறுப்பதால் எஞ்சின் மூச்சடைத்து நின்றுவிடும். வேகத்தை உயர்த்தி வைத்து, கிளட்ச்சைச் சட்டென்று விடாமல், ஒரு கணம் நழுவவிட்டுப் பிடிக்க வேண்டும். அந்த ஒரு கணம் எவ்வளவு என்று கேட்டால் அண்ணன் தன் காலைக் காட்டுகிறார்.

இங்கேதான் நான் கேட்கிறேன்: அந்தக் கணம் எவ்வளவு? மேலே என் கணக்கில் உராய்வுக் கெழு 1.5 என்று ஓர் எண்ணை எழுதினேன். அந்த எண்ணை எனக்கு யார் கொடுத்தார்கள்? பள்ளியில் படித்த உராய்வு விதி, கெழு பாரத்தையும் பரப்பையும் சாராது என்கிறது. கெழு ஒன்றைத் தாண்டாது என்று இன்றும் நம்பும் மாணவர்களை ஒவ்வொரு பருவத்திலும் சந்திக்கிறேன். ரப்பர் இந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. ரப்பரின் உராய்வு நழுவும் வேகத்தையும் வெப்பநிலையையும் சார்ந்தது என்று 1963இலேயே குரோஷ் சோதனை செய்து காட்டிவிட்டார். டயரின் மேல் பாரம் குறையும்போது கெழு சற்றுக் கூடும் என்பதும் அறிந்த செய்தி. அப்படியானால் முன்சக்கரத்திலிருந்து பாரம் இறங்கும் அதே நேரத்தில் அதன் கெழு ஓரளவு ஏறுகிறது. சாபத்துக்குள்ளேயே ஒரு சிறு விமோசனம் இருக்கிறது. எவ்வளவு? முன்னால் பாரம் சேர்த்தால் ஆதாயமா, அல்லது சேர்த்த எடையும் தாழ்ந்த கெழுவும் சேர்ந்து ஆதாயத்தைத் தின்றுவிடுமா? நம் பந்தயங்கள் பெரும்பாலும் விமான ஓடுதளங்களிலும் சர்க்யூட்களின் நேர்ப்பாதைகளிலும் நடக்கின்றன. டிராக் பந்தயத்துக்கென்றே பசை பூசித் தயாரித்த அமெரிக்கத் தளத்துக்குச் சொன்ன அழுத்தமும் எஞ்சின் வேகமும், புழுதி படிந்த நம் கான்கிரீட்டில் செல்லுமா?

பேராசிரியரின் சூத்திரம் நிலைபெற்ற முடுக்கத்துக்கானது. கிளட்ச் பிடிக்கும் முதல் அரை நொடியில் எதுவுமே நிலைபெற்றிருப்பதில்லை. ஷாஃப்ட் முறுக்கேறுகிறது, டயர் சுருங்கி விரிகிறது, வண்டியின் மூக்கு மேலெழுகிறது, ரப்பர் சூடாகிறது. எல்லாம் ஒருங்கே நடக்கின்றன. மெக்கானிக் இதை அறிவார், ஆனால் அளக்கவில்லை. நாம் அளக்க வல்லவர்கள், ஆனால் அறிய விரும்பவில்லை. “மெக்கானிக் வேலை” என்ற சொற்றொடர் இந்த இடைவெளிக்கு நாம் போட்டுவைத்த பூட்டு.

இப்போது கலைத்துறை நண்பர்களோடு என் வழக்கு. இந்தக் கதையைக் கேட்ட ஒரு நண்பர் மிகவும் மகிழ்ந்தார். “உழைக்கும் மக்களின் உடலில் உறையும் அறிவு, கல்விப்புலம் இதற்குத் தலைவணங்க வேண்டும்” என்றார். அன்பான சொற்கள். ஆயினும் ஏற்க மாட்டேன். அண்ணன் ஒருநாள் சொன்னார்: “பின்னாடி ஸ்பிரிங் கெட்டியா போட்டா எடை பின்னால போகாது.” இது தவறு. பெயரும் பாரம் எடை, முடுக்கம், உயரம், இடைத்தூரம் ஆகியவற்றால் தீர்மானமாவது. ஸ்பிரிங் கெட்டியானாலும் தளர்வானாலும் நிலைபெற்ற முடுக்கத்தில் அந்த அளவு ஏறத்தாழ மாறாது. உடலில் உறையும் அறிவு என்று இதற்கும் தலைவணங்கவா?

நான் வணங்கவில்லை, மறுத்தேன். மூன்று நாள் வாக்குவாதம் நடந்தது. ஷெட்டின் சுவரில் சாக்பீஸால் படம் வரைந்தேன். இறுதியில் அவர் கணக்கை ஒப்புக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்: “சரி, எடை போகுதுன்னே வெச்சுக்கோ. அப்போ கெட்டி ஸ்பிரிங் போட்டா ஏன் வண்டி நல்லா கிளம்புது?”

என்னிடம் முழுமையான விடை இல்லை. பின்பகுதி தாழாததால் மூக்கு உயர்வது குறைகிறது. ஈர்ப்பு மையம் மேலேறாமல் இருக்கிறது. முன்சக்கரங்களின் கோணம் கலையாமல் டயர் முழு அகலத்தில் தரையில் படிகிறது. பாரம் பெயரும் அளவு மாறாவிட்டாலும் பெயரும் வேகம் மாறுகிறது. இவற்றில் எது எவ்வளவு பங்களிக்கிறது என்பதை அளந்தால்தான் சொல்ல முடியும். என் ஆய்வுக் குழுவில் எவரும் கேட்காத, என் ஆய்வுக்கே மையமான கேள்வியை, என்னிடம் தோற்ற ஒருவர் கேட்டார். அவருடைய விளக்கம் தவறு, அவருடைய செயல் சரி, அவருடைய கேள்வி அருமை. தலைவணங்கியிருந்தால் இந்த மூன்றையும் நான் பிரித்து அறிந்திருக்க மாட்டேன். புறக்கணித்தவர் அந்த ஷெட்டுக்குள் நுழையவே இல்லை. புகழ்ந்தவர் நுழைந்தும் எதையும் சோதிக்கவில்லை. ஓர் அறிவை மதிப்பதென்றால் அதை அளந்து பார்ப்பதும், தவறென்றால் அதை முகத்துக்கு நேரே சொல்வதும், திரும்பி வரும் கேள்விக்கு விடை தேடுவதும்தான்.

மூன்றாவது மறுப்பு: இது தெருப்பந்தயத்தை ஊக்குவிக்கும்.

இதை மட்டும் நான் எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. அண்ணனின் ஷெட்டில் கையாளாக இருந்த ஒரு பையன், பத்தொன்பது வயது, யாரோ கழித்துப்போட்ட இரண்டு ஸ்லிக்குகளை வாங்கி நண்பனின் காரில் மாட்டினான். அண்ணனிடம் கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டார் என்பதால் கேட்கவில்லை. நள்ளிரவுக்கு மேல் நகரின் விளிம்புச் சாலை ஒன்றில் ஓட்டிப் பார்த்தான். தூறல் தொடங்கியது. நீரை வெளியேற்ற ஒரு பட்டனும் இல்லாத, சூடும் ஏறாத அந்த டயர், ஈரச் சாலையில் கண்ணாடியின் மேல் சோப்பைப் போலாகிவிடும். வேறு எவருக்கும் அடிபடவில்லை. அவன் இன்று ஊன்றுகோலோடு நடக்கிறான். ஷெட்டுக்கு வந்தால் வாசலோடு உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவான்.

அவனை ஊக்குவித்தது எந்த ஆய்வேடு? கைபேசியில் ஓடும் காணொளிகள் டயரைக் காட்டின. டயரின் எல்லையைக் காட்டவில்லை. சூடேறாத ஸ்லிக் எவ்வளவு பிடியை இழக்கும், ஈரத்தில் எவ்வளவு, ஓடி முடித்து பிரேக் பிடிக்கும்போது பாரம் குறைந்த பின்பகுதி எப்படி வழிதவறும் என்பதைத் தமிழிலோ கன்னடத்திலோ அவனுக்குச் சொல்ல ஒரு வகுப்பும் இல்லை, ஒரு பக்கமும் இல்லை. நாம் பேசாமல் இருந்ததால் அவன் போகாமல் இருக்கவில்லை; தெரியாமல் போனான், அவ்வளவே.

சட்டமும் நாம் நினைப்பதைவிடத் தெளிவானது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு பொது இடத்தில் பந்தயத்தையும் வேகச் சோதனையையும் தண்டிக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், மறுமுறைக்கு ஓராண்டு வரை அல்லது 10,000 ரூபாய் வரை அல்லது இரண்டும். அதே பிரிவில், “மாநில அரசின் எழுத்துமூல ஒப்புதல் இன்றி” என்ற பொருள்படும் சொற்களும் இருக்கின்றன. முறையான பந்தயத்துக்கு வாசல் அடைக்கப்படவில்லை. நம் தென்னகத்தின் பந்தய வரலாறே அத்தகைய வாசலில் தொடங்கியது: இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தளமான சோழவரத்தில் பந்தயங்கள் நடந்தன, 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் கண்டது. மகாராஷ்டிரத்தில் ஆம்பி வேலி ஓடுதளத்தில் டிராக் போட்டிகள் நடந்திருக்கின்றன. பாதுகாப்பு வேலியும், மீட்பு வண்டியும், தலைக்கவசச் சோதனையும் உள்ள இடத்துக்கு இளைஞர்களைக் கொண்டுசெல்லும் பாதையில் பல்கலைக்கழகம் ஒரு படியாக ஏன் இருக்கக் கூடாது?

எனவே என் கோரிக்கைகள் மூன்று, மூன்றும் சிறியவை.

முதலாவது, வாகன இயங்கியல் பாடத்தின் செய்முறையில் முன்சக்கர வண்டி ஒன்றை வே பிரிட்ஜில் நிறுத்தி, ஒரு முனையை உயர்த்தி, ஈர்ப்பு மையத்தின் உயரத்தை மாணவரே கண்டறிய வேண்டும். இதற்குப் பல இலட்சம் ரூபாய்க் கருவி வேண்டாம். வே பிரிட்ஜ் கட்டணமும் ஒரு ஜாக்கியும் போதும்.

இரண்டாவது, ஷெட்டில் இருப்பவரை ஊதியத்தோடு வகுப்புக்கு அழையுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட நடைமுறைப் பேராசிரியர் நெறிமுறைகள், குறைந்தது 15 ஆண்டுப் பணியனுபவம் உள்ள வல்லுநருக்கு முறையான கல்வித் தகுதி கட்டாயமில்லை என்று சொல்கின்றன. அந்த நாற்காலிகளில் ஓய்வுபெற்ற மேலாளர்களை மட்டும் அமர்த்த வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

மூன்றாவது, அனுமதி பெற்ற தடங்களோடு துறைகள் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஆண்டுக்கு இரண்டு நாள் மாணவருக்கும் மெக்கானிக்குகளுக்கும் சேர்த்து அளவீட்டு முகாம் நடத்த வேண்டும். அங்கே எடுக்கும் அளவுகள் தமிழிலும் கன்னடத்திலும் வெளியிடப்பட வேண்டும். அந்தப் பையனைப் போன்ற ஒருவன் அடுத்த முறை தேடும்போது, காணொளிக்குப் பக்கத்தில் இதுவும் அவன் கண்ணில் படட்டும்.

முன்மொழிவைத் திருத்தி மீண்டும் அளிக்க எனக்குத் தவணை தரப்பட்டிருக்கிறது. தலைப்பை மாற்றினால் எளிதாக நிறைவேறும் என்று நலம்விரும்பிகள் சொல்கிறார்கள்: ஸ்லிக் என்ற சொல்லை நீக்கி, டிராக் என்ற சொல்லை நீக்கி, ஆங்கிலத்தில் நீளமான ஒரு பெயர் சூட்டினால் போதுமாம். மாற்றப் போவதில்லை. கணிதப் பகுதியை விரிவாக்குகிறேன், பாதுகாப்பு நெறிகளைத் தனி அத்தியாயமாக்குகிறேன், கெட்டி ஸ்பிரிங் பற்றிய கேள்வியை முதல் கேள்வியாக வைக்கிறேன். அதைக் கேட்டவர் யார், எங்கே கேட்டார் என்பதையும் எழுதுகிறேன்.

மேலே உள்ள கணக்கில் பிழை கண்டால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். அண்ணனிடமும் அதைத்தான் கேட்டேன், அவரும் என்னிடம் அதைத்தான் கேட்டார்.